மஸ்கட் துவையல்

பிரிட்ஜின் இரண்டாவது தட்டில், மோர்ச் செம்புக்கும் எலுமிச்சம்பழங்களுக்கும் நடுவில் அந்த டப்பா உட்கார்ந்திருந்தது. அதைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் எட்வின் கதவைத் திறந்தான். எலுமிச்சம்பழம் இரண்டு வேண்டும், எடுக்க வேண்டும், மூட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கண் போய்விட்டது. வெள்ளை மூடி, மூடியில் ஒட்டிய காகிதத் துண்டு, அதில் நீல மையில் மணிமணியாக இரண்டு சொல்: மஸ்கட் துவையல். கீழே அடைப்புக்குறிக்குள் பொடியாக, காலிபிளவர். இருபது வருஷம் கரும்பலகையில் எழுதிப் பதமான கை. புள்ளிகளெல்லாம் அவசரமே இல்லாமல் சின்னச் சின்ன வட்டமாக வைக்கப்பட்டிருந்தன. யார் எழுத்து என்று அவன் யாரையும் கேட்க வேண்டியதில்லை. இரண்டரை மாதமாக இந்தச் சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிற பட்டியலும் அதே எழுத்துதான். அரிசி கூடாது, கோதுமை கூடாது, கம்பு கேழ்வரகு கூடாது, உளுந்து கடலை பயறு எதுவும் கூடாது. மனைவி ஹெப்சியின் பள்ளிக்கூடத்தில் பயாலஜி எடுக்கிற மகராசன் சார் எழுதிக் கொடுத்தது. நேற்றுச் சாயங்காலம் ஹெப்சி வந்ததும் இந்த டப்பாவைப் பையிலிருந்து எடுத்து, தண்ணீர் பாட்டிலை எடுத்து வைப்பதுபோல உள்ளே வைத்துவிட்டு முகம் கழுவப் போய்விட்டாள். யார் கொடுத்தது என்று சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. செய்தது செய்தான் அந்த மகராசன், காலிபிளவர் துவையல் என்று எழுதி ஒட்டியிருக்கலாம், எதுவுமே எழுதாமல் விட்டிருக்கலாம். அந்தப் பெயர் அவனுக்கு எப்படிக் கிடைத்தது. உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரிந்த பெயர் அது. இரண்டு பேரில் ஒருவன் இங்கே பிரிட்ஜ் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். குளிர்காற்று முழங்காலில் பட்டது. கதவை மூடினான். மூடிய பிறகுதான் எலுமிச்சம்பழம் எடுக்கவில்லை என்று தெரிந்தது.

மணி மூன்று. சனிக்கிழமை பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு, ஹெப்சி வர ஐந்தாகும். அதற்குள் முடித்து, மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த நீலக் கிண்ணம் இரண்டிலும், ஒன்றில் அவன் செய்தது, இன்னொன்றில் அந்த ஆள் செய்தது, எது எதென்று சொல்லாமல் அவள் முன்னால் வைக்க வேண்டும். அவள் எதைத் தொட்டுவிட்டு மறுபடி எதைத் தொடுகிறாள் என்று பார்க்க வேண்டும். சின்னப்பிள்ளைத்தனம் என்று அவனுக்கே தெரியும். நாற்பத்தொன்பது வயதில் ஒரு மனுஷன் செய்கிற காரியமா இது. இருந்தாலும் நேற்று ராத்திரி படுத்ததிலிருந்து இதைத் தவிர வேறு எதையும் அவனால் நினைக்க முடியவில்லை. பதினேழு வருஷம் முன்னால், முதல் தடவையாக அவள் மஸ்கட் வந்தபோது, மத்ரா கடற்கரையில் ஒரு சிரியாக்காரன் கடையில் உட்கார்ந்திருந்தார்கள். தட்டில் வட்டமாக வழித்துவிட்ட ஹம்மூஸ், நடுவில் குழி, குழியில் எண்ணெய். ரொட்டியைப் பிய்த்துத் தொட்டு வாயில் வைத்து, கண்ணை மூடி, திறந்து, "கொண்டக்கடலைத் துவையல்லா இது அத்தான், இதுக்குப் போயி இம்புட்டுப் பேரா" என்றாள். மறுநாள் அதை ஒரு டப்பா வாங்கி ரூவியில் இருந்த அறைக்குக் கொண்டுபோய், கடுகும் உளுத்தம்பருப்பும் கறிவேப்பிலையும் பெருங்காயமும் தாளித்து அதன் தலையில் கொட்டினாள். அந்தக் கட்டிடமே மணத்தது. எதிர் அறை மலையாளத்துக்காரன் கதவைத் தட்டி என்ன விசேஷம் என்று கேட்டான். ஒன்றுமில்லை சேட்டா, துவையல் என்றான் எட்வின். இது என்ன ஊர்த் துவையல் என்று அவன் கேட்க, அவள் உள்ளேயிருந்து, மஸ்கட் துவையல் என்றாள். அப்படித்தான் அந்தப் பெயர் வந்தது. அவள் ஊருக்குத் திரும்பிய பிறகு, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போனில், இன்னைக்கு என்ன சாப்பாடு என்பாள். மஸ்கட் துவையல் என்பான். அப்படியென்றால் உன்னை நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். அதை அவன் ஒரு நாளும் விளக்கியதில்லை, அவளும் கேட்டதில்லை. அந்தச் சொல்லைத்தான் ஸ்டாஃப் ரூமில், டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, நாலு பேர் நடுவில் சொல்லியிருக்கிறாள். நாலு பேர் நடுவில் சொன்னாளா, ஒரு ஆளிடம் மட்டும் சொன்னாளா. ரூவி அறையையும் சொன்னாளா. மலையாளத்துக்காரன் கதவைத் தட்டியதையும் சொல்லிச் சிரித்தாளா.

சேனைக்கிழங்கை எடுத்துப் பலகையில் வைத்தான். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டான், இல்லாவிட்டால் அரிக்கும். கடலைக்குப் பதில் சேனை. இது அவனுடைய சொந்தக் கண்டுபிடிப்பு. முதலில் சுரைக்காயில் செய்து பார்த்தான், பச்சடி மாதிரி ஓடியது. வாழைக்காயில் செய்தான், கறுத்துப்போய், பார்க்கவே ஹெப்சி வாயைக் கோணினாள், ஆனாலும் இரண்டு வெள்ளரித் துண்டில் தொட்டுத் தின்றாள். அந்த ஆள் காலிபிளவரில் செய்திருக்கிறான். காலிபிளவரில் எந்த மடையனும் செய்வான், யூடியூபில் கிடக்கிறது. சேனைக்கு அந்த மாவுத்தன்மை உண்டு, வெந்த கொண்டைக்கடலையை விரலால் நசுக்கினால் வருமே, அந்த மணல்போன்ற ஒரு பிடிப்பு, அது சேனையில்தான் வரும், அதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் காய்கறிக்கடையில் ஒவ்வொன்றாக நசுக்கிப் பார்த்திருக்கிறான். அவனுக்கு வேறு என்ன வேலை. ஒன்பது மாதமாக வீட்டில்தான். மஸ்கட்டில் கம்பெனி மூடி, கணக்கை முடித்து, பெட்டி கட்டி வந்தாயிற்று. மகள் கோயம்புத்தூரில் படிக்கிறாள். வீட்டில் ஹெப்சி காலையில் போய் மாலையில் வருகிறவள். அதனால் சமையலை அவன் வாங்கிக்கொண்டான். அப்புறம் அவளுக்கு விரல் கணு ஒவ்வொன்றாக வீங்கத் தொடங்கியது. காலையில் எழுந்தால் சீப்பைப் பிடிக்க முடியவில்லை, சாக்பீஸ் நழுவி விழுகிறது என்றாள். ஒரு நாள் ஸ்டாஃப் ரூமில் கல்யாண மோதிரம் போட்ட விரல் நீலம் பாரித்துவிட்டது. எட்வின் மார்க்கெட்டில் மீன் பேரம் பேசிக்கொண்டிருந்தான். போன் பைக்குள் கிடந்து நாலு தடவை அடித்திருக்கிறது. மகராசன்தான் ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு போய் நகைக்கடை ஆசாரியிடம் மோதிரத்தை வெட்டி எடுத்தது. எட்வின் போய்ச் சேர்ந்தபோது அவள் கை மேஜைமேல் இருந்தது, மணிக்கட்டை மகராசன் பிடித்திருந்தான், ஆட்டாமல் இருக்கப் பிடிக்கச் சொன்னாராம் ஆசாரி. ரொம்ப நல்லது சார், பெரிய உதவி சார் என்று எட்வின் இரண்டு தடவை சொன்னான். அதுக்கென்ன அண்ணாச்சி என்றான் அவன். அண்ணாச்சி. இரண்டே வயது சின்னவன். வெட்டிய மோதிரம் பீரோவில் ஒரு மாத்திரைக் கவருக்குள் கிடக்கிறது. கத்தி சேனைத் தோலுக்குள் ஆழமாக இறங்கிவிட்டது. நல்ல கிழங்கில் அரை விரல் கனம் வீணாகப் போயிற்று.

புளித்தண்ணீரில் துண்டுகளைப் போட்டுக் குக்கரை மூடினான். வெள்ளை எள்ளை வாணலியில் போட்டு, நிறம் மாறுவதற்கு முன் இறக்க வேண்டும், மாறினால் கசக்கும். மகராசனுக்கும் இதே மூட்டு நோய்தான் இருந்ததாம், முழங்காலில். நாற்பது நாள் இந்தப் பத்தியத்தில் இருந்தானாம், இன்றைக்கு மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறுகிறானாம். அந்த டயட் டாக்டரம்மா விலாசம் கொடுத்ததும் அவன்தான். நூறு நாள், ஒரு சிட்டிகைகூட உள்ளே போகக் கூடாது, போனால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணணும் என்று அந்த அம்மா சொன்னார். காலண்டரில் எட்வின் தினமும் ஒரு நீலக் கோடு போடுகிறான். இன்று எழுபத்துநாலு. ஆனால் போன மாதம் ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் வீக்கத்தைக் காட்டும் கணக்கு எதுவும் இறங்கியிருக்கவில்லை. விரல்கள் அப்படியேதான். திங்கட்கிழமை மறுபடி பார்க்கிறார்கள். அதிலும் இறங்காவிட்டால் பெரிய மாத்திரை ஆரம்பிக்க வேண்டும், ஈரலைப் பிடிக்கிற மாத்திரை, மாதாமாதம் ரத்தம் பார்க்க வேண்டிய மாத்திரை. எங்கேயோ உள்ள போகுது பார்த்துக்கோங்க என்று டாக்டரம்மா அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அவன் முகத்தைத்தான். ஏனென்றால் சமைக்கிறவன் அவன். எங்கேயும் போகவில்லை மேடம் என்றான். பதினேழு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவன், லேபிள் படிக்காமல் ஒரு ஆணியைக்கூட உள்ளே விட்டதில்லை. பட்டியலில் இருக்கிற எதுவும் இந்த வீட்டில் இல்லை, அரிசி டிரம்மைக் கவிழ்த்துக் கழுவிக் காயவைத்து மச்சில் ஏற்றியாயிற்று, கடலை எண்ணெயைக்கூட வேலைக்காரிக்குக் கொடுத்தாயிற்று. பட்டியலில் இல்லாததை அவன் தடுக்கவில்லை. ஸ்டோருக்கு அதுதான் சட்டம். அப்படியானால் போவது பள்ளிக்கூடத்தில்தான். ஸ்டாஃப் ரூமில் யாரோ கொடுக்கிற டப்பாவில். நேற்றிலிருந்து இந்த நினைப்பு அவனுக்கு ஒரு மாதிரி இனித்தது, இனிக்கிறதே என்று வெட்கமாகவும் இருந்தது. இனிப்புதான் முந்தி வந்தது.

குக்கர் விசில் அடித்தது. முன்பெல்லாம் சாப்பாட்டு மேஜையில் அந்தப் பெயர் விழாத நாள் கிடையாது. மகராசன் சார் சொன்னாரு, தேங்காயெண்ணெய் நல்லதாம். மகராசன் சார் சொன்னாரு, காலையில வெயில்ல நிக்கணுமாம். மகராசன் சார் வீட்டு மொட்டைமாடியில கீரை போட்டிருக்காராம். பத்தியம் தொடங்கின முதல் வாரம், புதன்கிழமை என்று ஞாபகம், பருப்பில்லாமல் ஒரு ரசம் வைத்திருந்தான், தக்காளியும் மிளகும் பூண்டும், நல்லாவே வந்திருந்தது. இரண்டு கரண்டி குடித்துவிட்டு, "மகராசன் சார் இன்னைக்கு ஒண்ணு சொன்னாரு அத்தான், நம்ம ரசத்துல" என்று தொடங்கினாள். நம்ம ரசம். அவன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டான். "அப்ப அவரையே வந்து வச்சுக் குடுக்கச் சொல்லு" என்றான். குரலை உயர்த்தவில்லை. குரலை உயர்த்தாமல் சொன்னதுதான் இன்னும் மோசம் என்று பாத்திரம் தேய்க்கும்போது தெரிந்தது. அவள் பின்னாலேயே வந்து, "இல்ல, அது வேற ஒண்ணு" என்றாள். "எனக்கு ஒண்ணும் கேக்க வேண்டாம்" என்றான். அதற்குப் பிறகும் ஒன்றிரண்டு தடவை அந்தப் பெயர் வந்தது, ஒவ்வொரு தடவையும் அவன் எழுந்தான். அப்புறம் வரவில்லை. முதலில் ஜெயித்த மாதிரி இருந்தது. ஒரு வாரம், பத்து நாள், மேஜையில் மழை, மகள், ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் என்று பேச்சு போனது. அதற்கப்புறம்தான் அது குடையத் தொடங்கியது. ஏன் சொல்லவில்லை. தினமும் பார்க்கிற ஒரு ஆளைப் பற்றி எதற்கு ஒரு வார்த்தைகூட இல்லை. சொல்வதற்கு ஒன்றுமில்லாததாலா, சொல்லக்கூடியதாக இல்லாததாலா. பெயர் விழுந்தபோது குத்தியது, விழாதபோது அறுத்தது. சில ராத்திரிகளில், சொல்லித்தான் தொலையேன் என்று அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பான். வீங்கிய விரல்களைத் தலையணைமேல் தனியாக எடுத்து வைத்து, ஏதோ வேறொருவர் பொருள்போல, அவள் தூங்குவாள்.

கிழங்கு வெந்துவிட்டது. புளித்தண்ணீரை வடித்து, ஆறவிட்டு, பாதியைத் தனியே எடுத்து வைத்தான், சரியாக வராவிட்டால் இன்னொரு முறை அரைக்க இருக்கட்டும் என்று. மீதிப் பாதியை மிக்ஸியில் போட்டு, எள்ளும் நல்லெண்ணெயும் சேர்த்து அரைத்த விழுதை விட்டு, பூண்டு இரண்டு பல், உப்பு, எலுமிச்சை. எலுமிச்சைக்காக மறுபடி பிரிட்ஜைத் திறந்தான். டப்பாவை இந்தத் தடவை பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பதை நன்றாகக் கவனித்துக்கொண்டான். அரைத்ததை விரலில் எடுத்து நாக்கில் வைத்தபோது ஒரு நொடி மத்ரா கடற்கரை வந்து போனது, படகுகளின் டீசல் வாடையோடு. கிட்ட வந்துவிட்டது. கடலை இல்லை, ஆனால் கடலை இருந்த இடம் தெரிகிறது. அடுப்பில் தாளிக்கிற கரண்டியை வைத்து எண்ணெய் விட்டான். கடுகு வெடித்தது. கை அஞ்சறைப்பெட்டிக்குள் போய் உளுத்தம்பருப்பு இருந்த கிண்ணத்தைத் தேடியது. மஸ்கட் அறையில் தானே சமைத்த நாளிலிருந்து வந்த பழக்கம், கடுகுக்கு அடுத்து விரல் தானாக அங்கே போகும். கிண்ணம் காலி. எழுபத்துநாலு நாளாகக் காலி, ஆனாலும் விரல் தினமும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறது. பார்த்தாயா, என்று மனதுக்குள் யாரிடமோ சொன்னான், இப்படி இருக்கிறேன் நான், இவ்வளவு ஜாக்கிரதையாக. கறிவேப்பிலை பொரிந்தது. மேல்தட்டிலிருந்து மஞ்சள் டப்பாவை எடுத்து இரண்டு சிட்டிகை பெருங்காயத் தூளை விட்டான். புகை எழுந்து முகத்தில் மோதியது. ரூவி அறை. அவள் முதுகு, ஈரத்தலையில் சுற்றிய அவனுடைய துண்டு. இதுதான், இது இல்லாவிட்டால் மஸ்கட் துவையல் இல்லை. வெறும் ஹம்மூஸ்.

நீலக் கிண்ணத்தில் வழித்து வைத்து, நடுவில் குழி செய்து, தாளிதத்தை ஊற்றினான். இனி இரண்டாவது கிண்ணம். டப்பாவை எடுத்தான். மூடி இறுக்கமாக இருந்தது, அதுவும் ஒரு திமிர் மாதிரி இருந்தது. திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது மேலே மிதந்த கடுகும் கறிவேப்பிலையும். தாளித்திருக்கிறான். ஆக, அதையும் சொல்லியிருக்கிறாள். விரலை விட்டு எடுத்து வாயில் வைத்தான். நன்றாக இருந்தது. அதை ஒப்புக்கொள்ள அவனுக்கு இரண்டாவது விரல் தேவைப்பட்டது. லேசாக, வெண்ணெய் மாதிரி, காலிபிளவர் வாடையே இல்லாமல், எப்படிச் செய்தான், சுட்டிருப்பானோ. அந்த ஆளுக்கு அவசரமே கிடையாது, புள்ளி வைக்கிற மாதிரியே சமைப்பான் போலிருக்கிறது. மூன்றாவது விரலில்தான் அது மூக்கில் ஏறியது. பெருங்காயம். முகர்ந்து பார்த்தான். ஆமாம், பெருங்காயமேதான். அந்த மணத்தையுமா அள்ளிக் கொடுத்துவிட்டாள். பெருங்காயத்தில் அப்படி என்ன இருக்கும், பிசின்தானே, செடியிலிருந்து வடிகிற பால். வெறும் பிசின் இவ்வளவு தூளாக எப்படி உதிரும், ஒட்டாதோ. ஸ்டோர்க்காரன் புத்தி முழித்துக்கொண்டது. எந்தத் தூளும் தன்னால் தூளாக இருக்காது, எதிலோ கலந்திருப்பார்கள். மஞ்சள் டப்பாவை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினான். எறும்பு எழுத்து. கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினான். கோதுமை மாவு. முதல் சொல்லே அதுதான், பெருங்காயம் மூன்றாவதாக வந்தது. அவன் உடம்பில் ஒரு சந்தோஷம் பாய்ந்தது, கம்பெனியில் திருட்டுச் சரக்கைப் பிடித்த நாள்களில் பாய்கிற மாதிரி. மாட்டினான். பட்டியல் போட்டவன், பெரிய பயாலஜி, பெருங்காயத்தை எழுதவே இல்லை. எழுதாதது மட்டுமில்லை, அதையே போட்டுத் தாளித்து டப்பாவில் அடைத்து அழகாகப் பெயர் எழுதி ஒட்டி அனுப்பியிருக்கிறான். எழுபத்துநாலு நாள் ஒரு பொம்பளை சோறில்லாமல் இட்லி இல்லாமல் கிடந்திருக்கிறாள், இந்த ஆள் கோதுமை மாவை ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறான். திங்கட்கிழமை டாக்டரம்மாவிடம் சொல்லலாம். இன்றைக்கே, ஐந்து மணிக்கே, ஹெப்சியிடம் சொல்லலாம், அமைதியாக, உன் மகராசன் சார் என்ன செய்திருக்கிறார் பார் என்று. அதற்கு முன் அந்த ஆள் வாயாலேயே வரவேண்டும். போனை எடுத்தான். மணி அடித்துக்கொண்டிருக்கும்போது இடது கையில் மஞ்சள் டப்பாவை இன்னும் பிடித்திருந்தான். அதன் மூடி ஓரமெல்லாம் அவன் விரல் பட்டுப் பட்டு அழுக்கேறியிருந்தது.

"சொல்லுங்க அண்ணாச்சி" என்றான் மகராசன். பின்னால் தண்ணீர் விழுகிற சத்தம், கீரைக்கு ஊற்றுகிறான் போல. "டீச்சருக்கு இன்னைக்குக் கிளாஸ்லா. வந்துட்டாங்களா?"

"இன்னும் வரல சார். ஒண்ணுமில்ல, அந்தத் துவையல் பிரமாதம், அதான் கூப்பிட்டேன். பெருங்காயம் எவ்வளவு போட்டீங்கன்னு கேக்கலாம்னு."

"பெருங்காயமா? நான் போடலையே அண்ணாச்சி."

"மணக்குதே சார்."

"உங்க கையில இருக்குமோ என்னவோ. அது ரெண்டு நாளைக்குப் போகாதுலா." சிரித்தான். வேறு எந்த நோக்கமும் இல்லாத சிரிப்பு. "தூள்ப் பெருங்காயத்துல கோதுமை மாவு சேக்காங்க அண்ணாச்சி. பட்டியல்ல நான் எழுத விட்டுட்டேன், என் தப்பு. மறுநாளே டீச்சர்ட்ட சொல்லிட்டேன், சார்ட்ட சொல்லிருங்கன்னு. மொத வாரமே. அவங்ககூட அன்னைக்குத்தான் ரசம் வைக்கப் போறாருன்னு சொன்னாங்க. சொன்னாங்கள்லா?"

தண்ணீர் விழுகிற சத்தம் நின்றது.

"சொன்னா" என்றான் எட்வின். "சொன்னா சார். மறந்துட்டேன்."

போனை வைத்தான். வலது கையை மூக்கருகே கொண்டுபோனான். ஆட்காட்டி விரலில், நகக்கண்ணில், பெருங்காயம். டப்பாவிலிருந்து வரவில்லை, தொட்ட விரலிலிருந்து வந்திருக்கிறது. ரசத்தில் இந்த விரல். கூட்டில், அவியலில், வாழைத்தண்டுப் பொரியலில், மோரில்கூட ஒரு சிட்டிகை, இந்த விரல். எழுபத்துநாலு நாள், மூன்று வேளை. நம்ம ரசத்துல, என்று அவள் சொன்னாளே, அதற்கு மேல் என்ன சொல்ல வந்தாள் என்று இத்தனை நாளில் ஒரு தடவைகூட அவன் யோசித்ததில்லை. அந்த வாக்கியம் ரசத்தில் பெருங்காயம் போடாதிய என்று முடிந்திருக்கும், இரண்டு நொடி வேலை, அவன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டான். அதற்கப்புறம் அவள் ஏன் சொல்லவில்லை. யார் சொன்னது என்று அவன் கேட்டிருப்பான், கட்டாயம் கேட்டிருப்பான், அந்தப் பெயர் வந்திருக்கும், அவன் எழுந்திருப்பான். நீயாகப் படித்த மாதிரி பொய் சொல்லியிருக்கலாமே ஹெப்சி. பொய் சொல்ல வராது அவளுக்கு, சும்மா இருக்கத்தான் வரும். ஒருவேளை சொல்லிச் சொல்லி அலுத்திருப்பாள். ஒருவேளை ஒரு சிட்டிகைதானே என்று விட்டிருப்பாள். ஒருவேளை ஒவ்வொரு நாளும், சமையலறையிலிருந்து அந்த மணம் வரும்போது, இன்றைக்குச் சொல்லலாமா என்று நினைத்து, அவன் முகத்தைப் பார்த்து, வேண்டாம் என்று கரண்டியை எடுத்திருப்பாள். அவன் கேட்காமலேயே தட்டை நீட்டி, இன்னும் கொஞ்சம் ஊத்துங்க அத்தான், நல்லாருக்கு என்று அவள் சொன்ன ராத்திரிகள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அப்போதெல்லாம் அவனுக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது. சுவரில் காலண்டர் லேசாக ஆடியது. எழுபத்துநாலு கோடு, ஒவ்வொன்றும் நேராக, ஸ்கேல் வைத்த மாதிரி.

மணி நாலே முக்கால். தான் செய்த கிண்ணத்தை எடுத்து, அப்படியே குப்பையில் வழித்தான். ரூவி அறை மணம் குப்பைக்கூடையிலிருந்து வந்தது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவினான், எலுமிச்சைத் தோலால் தேய்த்தான், மறுபடி சோப்பு. மஞ்சள் டப்பாவை ஒரு பையில் சுற்றிப் பின்கதவுக்கு வெளியே வைத்தான். தனியே எடுத்து வைத்திருந்த பாதிச் சேனையை மிக்ஸியில் போட்டான், ஜாரை இரண்டு தடவை அலம்பிவிட்டு. எள் விழுது, பூண்டு, எலுமிச்சை. தாளிக்கிற கரண்டியையும் நீலக் கிண்ணத்தையும் தேய்த்துக் கழுவினான், மகராசன் டப்பாவில் விரல் பட்ட இடத்தை வழித்து எறிந்துவிட்டு மீதியை இரண்டாவது கிண்ணத்தில் போட்டான். கடுகு வெடித்தது, விரல் காலிக் கிண்ணத்துக்குப் போய் வந்தது, கறிவேப்பிலை, அப்புறம் கை மேல்தட்டுக்கு உயர்ந்து, அங்கே ஒன்றுமில்லாமல், அந்தரத்தில் நின்றது. அப்படியே இறக்கினான். தாளிதம் மொட்டையாக மணத்தது. இது மஸ்கட் துவையல் இல்லை. இருக்கட்டும். கேட் திறக்கிற சத்தம் கேட்டபோது நீலக் கிண்ணம் இரண்டும் மேஜைமேல் இருந்தன. எதற்காக இரண்டையும் வைத்தோம் என்று அவனுக்கே இப்போது தெரியவில்லை. ஒன்றை எடுத்துவிடலாம் என்று கை நீட்டினான், அதற்குள் அவள் செருப்பைக் கழற்றிவிட்டாள்.

"என்ன, விருந்தா" என்றாள் ஹெப்சி. பையைத் தோளிலிருந்து இறக்க முழங்கையை மடக்கி அதை நாற்காலிமேல் விழவிட்டாள், விரலால் எதையும் பிடிக்காமல் இருக்க அவள் கண்டுபிடித்திருந்த வழி. வெள்ளரித் துண்டு ஒன்றை இரண்டு கையாலும் எடுத்தாள். முதல் கிண்ணத்தைத் தொட்டுத் தின்றாள். இரண்டாவதைத் தொட்டுத் தின்றாள். மறுபடி முதலாவதன்மேல் குனிந்து, மூக்கை அருகில் கொண்டுபோனாள். அப்புறம் இரண்டாவதன்மேல். நிமிர்ந்தபோது அவள் முகம் ஒரு மாதிரி கலங்கியிருந்தது, பழகிய வீட்டில் விளக்குப் பொத்தான் இடம் மாறிவிட்ட மாதிரி.

"எது உங்களுதுன்னு தெரியலையே அத்தான்" என்றாள். "ரெண்டுலயும் பெருங்காயம் இல்ல."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்குத் தெரிந்தது போலிருக்கிறது. வெள்ளரித் துண்டு கையிலேயே நின்றது. வெளியே யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள்.

"போடக் கூடாதாம்" என்றான் எட்வின். "மகராசன் சார் சொன்னாரு."

அந்த மேஜையில் அந்தப் பெயரை அவன் சொல்வது இதுதான் முதல் தடவை. சொன்னதும், பழக்கதோஷத்தில், உடம்பு தானாக எழப் பார்த்தது, கை தட்டைத் தேடியது. ஹெப்சி வீங்கிய விரல்களை அவன் மணிக்கட்டின்மேல் வைத்தாள். அழுத்த அவளுக்கு முடியாது, வெறுமனே வைக்கத்தான் முடியும்.

"இரிங்க" என்றாள். "இன்னைக்காவது எந்திரிச்சுப் போயிராதிய."